நான் கற்றுக்கொடுத்த பதில்

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் தம்பி பிரிட்டோ ஒரு நிபந்தனை போட்டான். "வலி வியாழக்கிழமை மத்தியானம் மூணே காலுக்கு ஆரம்பிச்சுது. நீ எல்லார்கிட்டயும் வெள்ளிக்கிழமைன்னு சொல்லிக்கிட்டு இருக்கே. முதல்ல அதைத் திருத்து."

திருத்திவிட்டேன். வியாழக்கிழமை, மூணே கால். அவனுக்கு வலிக்கிறது என்பதே எனக்குத் தெரிய ஒரு ராத்திரி முழுக்க ஆனது. அது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். இருந்தால் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிரிட்டோ என்னைவிட ஆறு வயது சின்னவன். தி. நகரில் ஒரு பாத்திரக் கடையின் குடோனில் இருபத்து மூன்று வருடமாக ஸ்டாக் பார்க்கிறான். எந்த மூடி எந்தக் குண்டானுக்குப் பொருந்தும் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான். கடையில் அவனைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட இடம் மாறாது. அப்பா அம்மா போனபிறகு மந்தைவெளி ஃபிளாட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவன் யார் முகத்தையும் நேராகப் பார்க்க மாட்டான். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். யாராவது தோளைத் தொட்டால் உடம்பு விறைத்துப்போகும். காலையிலும் மூன்று இட்லி, ராத்திரியும் மூன்று இட்லி, அதில் மாற்றமே கிடையாது. சொந்தக்காரர்கள் "கொஞ்சம் ஒரு மாதிரி" என்பார்கள். அம்மா "கூச்ச சுபாவம்" என்பாள். நான் "பிடிவாதம்" என்பேன். இதற்கு வேறு பெயர் ஏதாவது இருக்குமா என்று நாற்பத்தாறு வருடத்தில் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வீடு மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தார். குனிந்து, "எப்படிப்பா இருக்கே?" என்று கேட்டார். பிரிட்டோ பதில் சொன்னான். அன்று காலையில் எத்தனை தடவை வயிற்றால் போனது, அது என்ன நிறத்தில் இருந்தது, இரண்டாவது தடவை முதல் தடவையைவிட எப்படி வித்தியாசமாக இருந்தது, எல்லாம் சொன்னான். சாமியார் கையில் காபி டம்ளரோடு நின்றார். அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் போனதும் அழுதாள்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. டீச்சர் ஆவதற்கு முன்பே டீச்சர் நான். மாடிப்படியில் அவனை உட்காரவைத்து ஒரு வாரம் பாடம் நடத்தினேன். "யாரு கேட்டாலும், எப்ப கேட்டாலும், ஒரே பதில்தான். நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க? அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசக் கூடாது." சரியாகச் சொன்னால் ஒரு கிரீம் பிஸ்கட். ஏழாவது நாள் பாக்கெட் தீர்ந்தது, அவனும் தேறிவிட்டான். அதன்பிறகு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் தட்டில் ஒன்றரை இட்லி மிச்சம் வைத்திருந்தான். மழையில் ஊரே மூழ்கிய நாட்களில்கூட மூன்று இட்லி சாப்பிட்டவன். "ஏண்டா?" என்றேன். "வயிறு வலிக்குது" என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டபோதுதான் வியாழக்கிழமை கணக்கு வெளியே வந்தது. மூணே காலுக்கு வலி வந்தும் எட்டு மணி வரை குடோனில் நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் படுத்திருக்கிறான்.

பள்ளிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்னப் பையன், மரியாதையாகப் பேசினார். "எப்படி சார் இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?" என்றான் பிரிட்டோ.

டாக்டர் சிரித்துவிட்டார். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டார், பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் கற்பனை செய்ய முடிகிற அளவுக்கு மோசமான வலி. பிரிட்டோ வெகு நேரம் யோசித்தான். பிறகு "ரெண்டு" என்றான். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வயிறு கொஞ்சம் இறுக்கமா இருக்கே" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். "அவனுக்கு யாரும் தொட்டா பிடிக்காது டாக்டர். எப்பவுமே இப்படித்தான் விறைச்சுக்குவான்."

"ஒரு ஸ்கேன் பார்த்துடலாமா?"

"புது இடம், மெஷின் எல்லாம் அவனுக்கு ஒத்துக்காது. ரெண்டுதானே சொல்றான். நாளைக்குப் பார்க்கலாமே."

அவர் மாத்திரை எழுதினார். வலி கூடினால் உடனே வரச் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நோயாளி நல்லா இருக்கேன் என்கிறார், அக்கா எல்லாவற்றுக்கும் காரணம் சொல்கிறாள், அந்தப் பையன் வேறு என்ன செய்வார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு பிரிட்டோ தானாகவே வந்து, "வலி நின்னுடுச்சு" என்றான். எனக்கு உயிரே வந்தது. மாத்திரை வேலை செய்துவிட்டது என்று நினைத்து, பரீட்சைப் பேப்பர் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். பிற்பாடுதான் டாக்டர்கள் விளக்கினார்கள். குடலோடு ஒட்டிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒரு வால் இருக்கிறது, குடல்வால் என்கிறார்கள். அது வீங்கிப் பழுத்தால் வலி எடுக்கும். ஒரு கட்டத்தில் உடைந்துவிடும். உடையும்போது உள்ளே இருந்த அழுத்தம் போய்விடுவதால் வலி கொஞ்ச நேரம் அடங்கினாற்போல் இருக்கும். உள்ளே இருந்த சீழ் வயிறு முழுக்கப் பரவ ஆரம்பிப்பதும் அந்த நேரத்தில்தான். நான் சந்தோஷப்பட்டது அந்த நேரத்தில்.

நாலு மணிக்கு டீ போட எழுந்தேன். ஹாலில் மொசைக் தரையில் அவன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒரு சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "என்னடா" என்று நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

என்னைக் கலக்கியது காய்ச்சல் இல்லை. என் கையை அவன் தட்டிவிடவில்லை. பிறந்ததிலிருந்து நான் தொட்டால் விலகுகிறவன், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான். அந்த ஒரு நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, இவன் செத்துக்கொண்டிருக்கிறான் என்று.

கீழ்வீட்டுக்காரர் கைகொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அடையாறு பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். ஆற்றுப் பாலத்தில் வண்டி நகரவில்லை. டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு சாருக்கு? எப்டி கீது சார்?"

பிரிட்டோ கண்ணைத் திறக்காமல் சொன்னான். "நல்லா இருக்கேன், நீங்க எப்படி இருக்கீங்க?"

டிரைவர் என்னைப் பார்த்தார். "நல்லா கீறேன்றாரு. அப்பால நீ ஏம்மா அழுவுற?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்விதான். எனக்குத்தான் யாரோ மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. மாடிப்படியும் கிரீம் பிஸ்கட்டும் கண் முன்னால் வந்தன. நேற்று அந்த டாக்டருக்கு பதில் சொன்னது பிரிட்டோ இல்லை. பதினைந்து வயது ஸ்டெல்லா. நான்தான்.

"ஏண்டா டாக்டர்கிட்ட வலிக்குதுன்னு சொல்லல?" என்று காதருகே கேட்டேன்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டார். யாரு கேட்டாலும் அதான் பதில்னு நீதானே சொன்னே."

"ரெண்டுன்னு சொன்னியே."

"பத்துன்னா கற்பனை பண்ண முடியற அளவுக்கு மோசமான வலின்னு சொன்னார். நான் நிறைய கற்பனை பண்ணிப் பார்த்தேன். கை மெஷின்ல மாட்டறது, கொதிக்கிற எண்ணெய். அதோட பார்த்தா ரெண்டுதான்."

டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் எப்படியோ இண்டு இடுக்கில் புகுந்து கொண்டுபோய்ச் சேர்த்தார். அவசரப் பிரிவு வாசலில் ஸ்ட்ரெச்சர் வரும்வரை தன் தோளில் பிரிட்டோவைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

உள்ளே டியூட்டி டாக்டர் அம்மா வந்ததும் முதல் கேள்வி அதேதான். பிரிட்டோ வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன். "அவன் சொல்றதை நம்பாதீங்க. ஸ்கேன் எடுங்க. தயவுசெஞ்சு முதல்ல ஸ்கேன் எடுங்க." அந்த இடமே திரும்பிப் பார்த்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறியது. ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கையெழுத்துப் போடும்போது சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார். "குடல்வால் உடைஞ்சு பல மணி நேரம் ஆயிடுச்சு. வயிறு முழுக்கக் கழுவி எடுக்கணும். ரத்தத்துல கிருமி ஏறியிருக்கு. நாளைக்குத்தான் எதையும் சொல்ல முடியும்."

காத்திருக்கும் கூடத்து நாற்காலிகளைப் பற்றித் தனியாக எழுதலாம். வரிசையாக ஸ்டீல் நாற்காலிகள், மேலே சத்தமில்லாத டிவி. ஒலிபெருக்கியில் இன்னாருடைய உறவினர் வரவும் என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் பாதி எழுந்து திரும்ப உட்கார்வோம். கையில் செபமாலை இருந்தது, ஜெபம் வரவில்லை. யாரு கேட்டாலும், எப்ப கேட்டாலும், என்று என் குரலேதான் திரும்பத் திரும்ப ஓடியது.

ஆபரேஷன் முடிந்து ஐசியுவில் வைத்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம் பார்க்கலாம். வயிற்றின் பக்கவாட்டில் ஒரு குழாய், அது சீழையும் நீரையும் வெளியே எடுத்து ஒரு பைக்குள் விட்டது. மூக்கில் ஒரு குழாய். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் கண் திறந்திருந்தது. என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தான். குனிந்து கேட்டால், எண்ணுகிறான். கூரைப் பலகையில் இருந்த ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க விரும்பவில்லை, வந்தது. இவனுக்காக நான் இங்கே செத்துப் பிழைக்கிறேன், இவனுக்கு ஓட்டைதான் முக்கியம் என்று நினைத்தேன். இவனுக்குள் ஒன்றுமே இல்லையோ என்றுகூட நினைத்துவிட்டேன். வெளியே வந்து அதற்காகவும் அழுதேன்.

செவ்வாய்க்கிழமை வார்டுக்கு மாற்றினார்கள். மூக்குக் குழாயை எடுத்தார்கள், கஞ்சி கொடுக்கச் சொன்னார்கள். நான் எல்லா ஷிப்ட் நர்ஸிடமும் போய், "அவன்கிட்ட எப்படி இருக்கீங்கன்னு கேக்காதீங்க" என்று சொன்னேன். தலையாட்டினார்கள். ஆனால் ஷிப்டுக்கு மூன்று பேர் மாறுகிறார்கள். உள்ளே வருகிறவர்கள் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். வேறு எதைச் சொல்லி ஒரு மனிதரிடம் பேச்சை ஆரம்பிப்பது? கட்டில் காலில் தொங்கிய அட்டையில் வலிக்கு நேராகப் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று ஏறிக்கொண்டே போனது. நானும் மெல்ல அதை நம்ப ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை காலை ரவுண்ட்ஸ் வந்த சர்ஜன், "அருமை. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார். வயிற்றுக் குழாயையும் எடுத்துவிட்டார்கள்.

வார்டில் தேவகி என்று ஒரு ஆயாம்மா. என் வயதுதான் இருக்கும். ஆற்றோரத்து வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கொடுத்ததால், இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர். பிரிட்டோவை அவர் தொடுவதற்கு முன்னால், "கை வெக்கப் போறேன் சார்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் தொடுவார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவரே பார்த்துக் கண்டுபிடித்தது. அன்று பெட்ஷீட் மாற்றும்போது என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பப் போறாங்களாமே. இந்தாளு நல்லா கீறேன்னுதான் சொல்லிக்கினு கீறாரு. ஆனா ரெண்டு நாளா வலது கால நீட்டவே மாட்டேன்றாரு, பாத்தியா? மடக்கியே வெச்சிக்கினு கீறாரு. எனக்கு இன்னாவோ சரியாப் படல."

போய்ப் பார்த்தேன். போர்வைக்குள் முழங்கால் மேடாக இருந்தது. "வலிக்குதாடா?" என்றேன். "கொஞ்சம்" என்றான். கொஞ்சம் என்றால் எவ்வளவு? மறுபடியும் பத்துக்கு எத்தனை என்று கேட்டால் கொதிக்கிற எண்ணெய்க்குப் போவான். அவன் வயிற்றுக்குள் இருப்பதை எந்த வார்த்தையால் வெளியே எடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த நேரத்தில் கடை அண்ணாச்சி வந்தார். பிரிட்டோவின் முதலாளி. கையில் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர், அவன் குடோனில் வைத்துத் தண்ணீர் குடிக்கிற அதே டம்ளர். "வேற டம்ளர்ல குடிக்க மாட்டானேன்னு எடுத்தாந்தேன் தங்கச்சி" என்றார். எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது. எப்படி இருக்கே என்று கேட்கவில்லை. நேராக வியாபாரம் பேசினார்.

"பிரிட்டோ, பதினாலாம் நம்பர் குண்டான் மூடி எங்கே வச்சிருக்கே? மூணு நாளாத் தேடறோம்."

"பதினாலுக்குத் தனி மூடி கிடையாது அண்ணாச்சி. பித்தளைத் தட்டு ரேக்ல, கீழ் வரிசையில ரெண்டாவது அடுக்கு. அதுதான் அதுக்குப் பொருந்தும்." ஒரு வாரத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது.

அவர்கள் கடையில் குண்டான்களுக்கு நம்பர் உண்டு. ஒன்று என்றால் கையடக்கம். இருபது என்றால் கல்யாணச் சமையலுக்கு, உள்ளே ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம். அந்த அளவெல்லாம் அவனுக்குக் கற்பனை இல்லை. தினமும் கையால் தூக்குகிறவன். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"பிரிட்டோ, வயித்துல இருக்கிற வலி எத்தனாம் நம்பர் குண்டான்?"

யோசிக்கவே இல்லை. "பதினாறு."

"முந்தாநாள்?"

"பத்து. நேத்து பதிமூணு."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "மூடி இருக்கா தம்பி?" என்று அவர்தான் கேட்டார், தொழில் பேச்சைப் போலவே.

"மூடி இல்ல அண்ணாச்சி. வலி நிக்கவே மாட்டேங்குது."

நான் நர்ஸ் மேஜைக்கு ஓடினேன். பதினாறாம் நம்பர் குண்டான் என்று சொன்னால் யார் நம்புவார்கள் என்று பயமாகத்தான் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். பத்து, பதிமூன்று, பதினாறு, மூன்று நாளாக ஏறுகிறது, கால் நீட்ட முடியவில்லை. அந்த நர்ஸ் சிரிக்கவில்லை. சர்ஜனைக் கூப்பிட்டார். சாயங்காலமே ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்புக் குழிக்குள் சீழ் மறுபடி சேர்ந்து கட்டியாகியிருந்தது. ஏற்றிக்கொண்டிருந்த மருந்தால் காய்ச்சல் தெரியாமல் அமுங்கிக் கிடந்திருக்கிறது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி இறக்கி அதை உறிஞ்சி எடுத்து, புதுக் குழாய் வைத்தார்கள். "நாளைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தா மறுபடி இங்க வர்றதுக்குள்ள என்ன ஆகியிருக்குமோ" என்று சர்ஜன் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வேர்த்திருந்தது.

அவர்தான் மனநல மருத்துவரை அனுப்பினார். நரைத்த தலை, காட்டன் புடவை, அவசரமே இல்லாத அம்மா. மூன்று நாள் வந்தார். பிரிட்டோவுக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் நாற்காலியைப் போட்டு, இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்கள். நடுவில் நான் இரண்டு தடவை பதில் சொல்லப் போனேன். "டீச்சர், இது அவருக்கு வச்ச பரீட்சை. நீங்க எழுதக் கூடாது" என்றார்.

கடைசியில் எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். முன்பு இதற்கு ஆஸ்பெர்கர் என்று தனிப் பெயர் இருந்தது. இப்போது ஆட்டிசம் என்ற பெரிய குடைக்குள் சேர்த்துவிட்டார்கள். நோய் இல்லை, மூளை பிறவியிலேயே வேறு விதமாக அமைந்திருப்பது. சொன்ன வார்த்தையை அதன் அளவிலேயே எடுத்துக்கொள்வார்கள், உள்ளர்த்தம் தேடத் தோன்றாது. மற்றவர்கள் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் பழக்கவழக்கங்களை இவர்கள் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். பசி, வலி என்று உடம்பு உள்ளேயிருந்து அனுப்புகிற தகவல் சிலருக்கு மங்கலாக வரும், சிலருக்கு அளவுக்கு மீறி வரும்.

"அவனுக்கு உணர்ச்சி இல்லையா டாக்டர்?" என்று கேட்டேன். ஓட்டை எண்ணியதைச் சொன்னேன்.

"நிறையவே இருக்கு. முகத்துல தெரியலேன்னா இல்லேன்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க. தாங்க முடியாம வர்றப்போ எதையாவது எண்ணினா சிலருக்கு மூச்சு விட முடியும்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "பிரிட்டோ, அக்கா சொல்லிக்கொடுத்த ரூல் இன்னியோட ரத்து. யாரு கேட்டாலும் உண்மையைச் சொல்லலாம்" என்றார்.

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "அக்கா சொன்னாத்தான் ரத்து ஆகும். அவதான் போட்டா."

"ரத்துடா" என்றேன். "என்னை மன்னிச்சுக்கோ" என்றும் சொன்னேன். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. அதற்கு என்ன பதில் என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்த வியாழக்கிழமை வீடு திரும்பினோம். இன்ஷூரன்ஸ் பாதி, அண்ணாச்சி முன்பணமாகக் கொடுத்தது பாதி, அந்தக் கதை வேண்டாம். தேவகி லிப்ட் வரை வந்து, "பாத்துப் போ சார்" என்றார். "பார்த்துத்தான் போறேன்" என்றான் பிரிட்டோ. காலையிலும் மாலையிலும் நம்பர் கேட்பேன். எட்டு, ஏழு, நாலு. ஒரு நாள் குண்டானே இல்லை, "டம்ளர்" என்றான். நான் சமையலறைக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஏழு வாரம் கழித்துத்தான் ஞாயிறு பூசைக்குப் போனோம். கூட்டம் கலையட்டும் என்று கடைசியாக வெளியே வந்தோம். வாசலில் இப்போதைய பங்குத் தந்தை நின்றிருந்தார், இளவயதுக்காரர்.

"பிரிட்டோ, எப்படி இருக்கீங்க?"

அவன் என் பக்கம் பார்த்தான். என் முகத்தை இல்லை, என் தோளை. அனுமதி கேட்கிறான் என்று தெரிந்தது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் மூடியதில்லை.

அவன் சொன்னான். குழாய் எத்தனை நாள் இருந்தது, சீழ் என்ன நிறம், தையல் எந்த இடத்தில் அரிக்கிறது, இன்று காலை வலி இரண்டாம் நம்பர், மூடியோடு. பங்குத் தந்தைக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு மரியாதைக்கு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்படி இருக்கீங்க டீச்சர்?"

"நல்லா இருக்கேன் ஃபாதர்" என்றேன்.

"இல்ல ஃபாதர்" என்றான் பிரிட்டோ. "அவ நல்லா இல்ல. ராத்திரி எந்திரிச்சு வந்து நான் மூச்சு விடறேனான்னு பார்க்கறா. பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழறா. இந்த வாரம் மூணு தடவை, அதுல புதன்கிழமை மட்டும் ரெண்டு தடவை." பிறகு என் தோளைப் பார்த்துக் கேட்டான். "ரூல்தான் ரத்தாயிடுச்சே. உனக்கும் சேர்த்துத்தானே?"

பங்குத் தந்தை என் கையை ஒரு நிமிடம் பிடித்துவிட்டு நகர்ந்தார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். குழாய் எதையும் திறந்துவிடாமல். பிரிட்டோ ஒரு படி தள்ளி, பக்கவாட்டில், என்னைத் தொடாமல் உட்கார்ந்தான். இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எத்தனாம் நம்பர்?" என்று கேட்டான்.

கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். "பதினெட்டு இருக்கும்டா."

"மூடி இருக்கா?"

"இல்ல."

"சரி" என்றான். எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன், அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரின் கற்களை எண்ண ஆரம்பித்திருந்தான்.